சாவில் கதையை நிறுத்தாதவர்

அஞ்சலை மீன்கூடை இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய குப்பத்திலிருந்து மதுராந்தகம், கருங்குழி என்று தினமும் மீன் கொண்டுபோய் விற்கிறவள் அவள். தலையில் கூடை இல்லாத அஞ்சலையை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"டீச்சரம்மா, நம்ம வாத்தியாரு பூட்டாரு. காத்தால மாரு வலிக்குதுன்னாராம். சோடா வாங்கியாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்."

எந்த வாத்தியார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குப்பத்துக்கு ஒரே வாத்தியார்தான். எங்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து, பிறகு சொந்த ஊரான கருங்குழிக்கே மாற்றலாகிப் போன ஏகாம்பரம் சார். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டபோது, "நல்லவர், வல்லவர்னு நாலு பத்தி போதும் எஸ்தர் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். நல்லவர், சரி. வல்லவர் என்று எழுத என் பேனா ஓடாது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும், ஏகாம்பரம் சார் பெரிய பயந்தாங்கொள்ளி. தினமும் ஏறுகிற பேருந்தில் தினமும் நடத்துநரிடம் "இது மதுராந்தகம் போவுமா?" என்று கேட்பார். பேருந்து நிறுத்தத்தில் படுத்திருக்கும் கிழட்டு நாய்க்குப் பயந்து என் புடவை மறைவில் நடப்பார். அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாளில் அவர் கையில் சாக்பீஸ் தானாக ஆடும். "என்ன சார், சாக்பீஸுக்குக் குளிரா?" என்று ஒருமுறை வம்பிழுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"பயம் என் கூடப் பொறந்தது டீச்சர். அடிச்சித் தொரத்துனாலும் பின்னாடியே வந்துடும். அதான் நானே கூட்டிக்கினு வந்துடறேன்" என்றார்.

பயப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. வேலை தற்காலிகம். நிரந்தர உத்தரவு இன்று வரும், நாளை வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார். வீட்டில் மனைவி ஜெயா, இரண்டு பெண் குழந்தைகள். அந்தச் சம்பளம் நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

இப்படிப்பட்டவர் பிரெஞ்சு தேசத்துச் சரித்திரத்தை ஆதி முதல் இன்றுவரை ஒரு மீனவர் குப்பத்தில் சொன்னார், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில் சொன்னார் என்றால் நம்புவீர்களா? நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அதனால் சொல்கிறேன்.

ஒரு மார்கழியில் வெள்ளைக்காரர்கள் சிலர் ஜீப்பில் வந்து கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். அதில் ஒரு மூதாட்டி, இடிந்த சுவரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதபடி நின்றாளாம். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஒரு காலத்தில் இந்தக் கோட்டை அவர்கள் கையில் இருந்தது என்று குப்பத்துக்குத் தெரிந்தது. உடனே அஞ்சலை மீன்கூடையோடு வந்து ஏகாம்பரம் சாரைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய அப்பா பாரதப் பிரசங்கியார். அந்தக் குப்பத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பல வருடம் பாரதம் சொன்னவர். அந்த உரிமையில்தான் கேட்டாள்.

"அந்த ஆளுங்க யாரு வாத்தியாரே? அவங்க கத இன்னா?"

"ஒரு மணி நேரத்துல சொல்லிடலாம் அஞ்சலை. கோட்ட அவங்க கைக்கு வந்தது, இங்கிலீஷ்காரன் ஒடச்சது..."

"நடுவுலேர்ந்தா? உங்கப்பா பாரதத்த நடுவுலேர்ந்தா சொன்னாரு? வம்சத்தச் சொல்லு மொதல்ல. அவனுங்க அப்பன் யாரு, பாட்டன் யாரு?"

வம்சத்திலிருந்து தொடங்கினார். ஞாயிறுதோறும் சாயங்காலம், கோயிலுக்கு முன்னால் மணலில். அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "ஆமாம்", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். கேட்க ஆள் இல்லாவிட்டால் இவருக்குக் கதை வராதாம். அந்த வேலையை என் தலையில் கட்டினார். காலையில் தேவாலயத்தில் ஆமென், சாயங்காலம் அம்மன் கோயிலில் அப்புறம். என் வீட்டுக்காரர் சிரித்தார், அவ்வளவுதான்.

ஆனால் எப்படிச் சொன்னார் தெரியுமா! வகுப்பில் இல்லாத குரல் அங்கே வந்தது. அந்த தேசத்தில் ஆதியில் இருந்த 'கால்' என்ற கூட்டத்தார் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு கிடந்ததையும், ரோமாபுரிப் படை வந்து சூழ்ந்தபோது அவர்களுடைய இளம் தலைவன் தன் ஆயுதங்களைக் கொண்டுபோய் எதிரியின் காலடியில் போட்டதையும் சொன்னபோது, ஊர்த் தலைவரான நாட்டார் தலையை ஆட்டினார். "உள்சண்ட. அதான் கெடுத்துச்சி." ரோமருக்குப் பின் பிராங்க் என்ற கூட்டத்தார் வந்து, தேசத்துக்கே அவர்கள் பெயர் நின்றது. அவர்களில் ஓர் அரசன் மனைவி சொல் கேட்டு ஞானஸ்நானம் பெற்றான். இன்னொரு பேரரசனுக்குக் கிறிஸ்துமஸ் அன்று போப்பாண்டவர் முடி சூட்டினார். இந்த இரண்டு வாரமும் என்னுடைய "அப்புறம்?" சற்று பலமாகவே இருந்தது. இங்கிலீஷ்காரனோடு நூறு வருடத்துக்கு மேல் சண்டை என்றதும், "ஒரு வலையக் கிழிச்சதுக்கு நம்ம ரெண்டு குப்பமும் மொறச்சிக்கினு நிக்கல? அது மாதிரிதான்" என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது.

அந்தச் சண்டையில் ஜோன் என்ற கிராமத்துப் பெண் படை நடத்தியதையும், அவளை உயிரோடு எரித்ததையும் சொன்ன அன்று பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குப் பேருந்தை நினைத்துக் கவலை. எழுந்திருக்கலாம் என்று ஜாடை காட்டினேன். அவர் எழவில்லை. இங்கிலீஷ்காரன் அந்த மண்ணைவிட்டுப் போகிறவரைக்கும் விறுவிறுவென்று சொல்லி, கற்பூரம் ஏற்றிய பிறகுதான் எழுந்தார்.

"சாவுல கதைய நிறுத்தக்கூடாது டீச்சர். செத்தவன அப்படியே வுட்டுட்டு எழுந்தா அவன் அந்த ஊர்லயே நின்னுடுவான்னு அப்பா சொல்லுவார். ஒரு முடிசூட்டாவது, ஒரு கல்யாணமாவது சொல்லி, வெளக்கு காட்டிட்டுத்தான் எழுந்துக்கணும்" என்றார் வழியில்.

கண்ணாடி மாளிகை கட்டிய பதினான்காம் லூயியைச் சொன்னார். ஆலம்பரை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததையும், சில வருடங்களிலேயே இங்கிலீஷ்காரன் அதைப் பிடித்து உடைத்ததையும் சொன்னபோது எல்லாரும் திரும்பி அந்த இடிந்த மதிலைப் பார்த்தார்கள். "அதுக்குத்தான் வந்து அழுதாளா அந்தக் கெழவி" என்றாள் அஞ்சலை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கதையை அன்றே முடித்திருக்கலாம். ஆனால் யார் விட்டார்கள்?

அதற்குள் தை மாத நடுவில் மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். யார் யாரையோ பிடித்துப் போகிறார்கள் என்று பேருந்தில் பேச்சு, அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு. பக்கத்து இருக்கையில் புதிய முகம் வந்தால் பேச்சு நின்றுவிடும். தலைமையாசிரியர் எங்களை உட்காரவைத்து, "நம்மள்லாம் சர்க்கார் சம்பளம் வாங்கறவங்க. வெளியில எங்கயும் கூட்டம் சேர்த்துப் பேசிக்கினு இருக்காதீங்க" என்றார். சொல்லும்போது அவர் ஏகாம்பரம் சாரைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தோம்.

பிரெஞ்சுக் கதையோ புரட்சிக்கு வந்து நின்றது. தெரிந்து செய்ததில்லை, வரிசையாகச் சொன்னதில் அது அங்கே வந்து சேர்ந்தது. ரொட்டி விலை ஏறி, பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டே அரசனின் மாளிகைக்கு நடந்து போய், அவனைக் குடும்பத்தோடு ஊருக்குக் கூட்டிவந்த கதை. அந்தப் பெண்களில் மீன்காரிகளும் இருந்தார்கள் என்றார்.

அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். "மீன்காரிங்களா? நெஜமாவா வாத்தியாரே?"

"நெஜமாத்தான்."

"அப்டிப் போடு! அடுத்த வாரம் இன்னா?"

அடுத்த வாரம் என்ன என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாரம் ஜெயா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. வேல போச்சின்னா நாங்க நாலு பேரும் கடல்ல எறங்க வேண்டியதுதான். ராசா தலைய வெட்டுன கதைய இப்பத்தான் சொல்லணுமா?" என்று அழுதாள். நான் சொன்னேன். அவரும் பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கூட்டத்துக்கு வெளியே, மணலில் ஏற்றிவைத்த கட்டுமரத்தின்மேல் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. கடற்கரை மணலில் ஷூ போட்டுக்கொண்டு யார் வருவார்கள்? ஏகாம்பரம் சார் பார்த்துவிட்டார். சொல்லச் சொல்ல அவர் கண் அங்கேயே போனது. மாற்றிச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. அரசன் மேடை ஏறினான், கத்தி இறங்கியது, தலை விழுந்தது என்று சொன்ன அதே நேரம் அந்த ஆள் எழுந்து நின்றார். ஏகாம்பரம் சார் அப்படியே நிறுத்திவிட்டார். "இன்னைக்கு இத்தோட போதும்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கற்பூரம் ஏற்றவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்று ஜெயாவிடமும் சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஒளிப்பானேன்.

குப்பத்தில் மீன் படவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், வலை போனபடியே திரும்பி வந்தது. கரையேறும்போது ஒரு கட்டுமரம் அலையில் புரண்டு அஞ்சலையின் மகனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அவள் நாட்டாரையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். ஏகாம்பரம் சார் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"வாத்தியாரே, ராசா தலைய வெட்டி எங்க ஊர்ல போட்டுட்டு நீ பாட்டுக்கு வந்துட்ட. அது அங்கயே கெடக்குது. ஒடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். வந்து எடுத்துப் போடு."

"அது எங்கயோ நடந்த கதை அஞ்சலை..."

"பாரதம் மட்டும் எங்க தெருவுலயா நடந்துச்சி? உங்கப்பா படுகளத்துல வுட்டுட்டு ஓடுனாரா? தருமருக்கு முடி சூட்டிட்டுத்தான எழுந்தாரு? என் புள்ள கடலுக்குப் போவ மாட்டேன்றான். அல ஏறும்போது பின்னாடி யாரோ நிக்கற மாதிரி கீதாம்."

"போலீசு கீலீசு வந்தா ஊரே முன்னால நிக்கும் சார், நீங்க பயப்படாதீங்க" என்றார் நாட்டார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சார் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் சார், நாலு நாளில் மீன் வந்தால் மறந்துவிடுவார்கள் என்றேன். அவர் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பயம்னா இன்னான்னு எனக்குத் தெரியும் டீச்சர். முப்பத்தெட்டு வருஷமா அது கூடத்தான் படுக்கறேன். அந்தப் பையன் கடலுக்குப் போறவன். அவனுக்குப் பயம் வந்தா அவன் பொழப்பே போச்சு. அது என் பயம். நான்தான் அதக் கொண்டுபோய் அவன் தலையில வெச்சிட்டேன். என் பயத்த நான் வெச்சிக்கணும், அடுத்தவன் கையில குடுக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சவுக்குத் தோப்பில் நின்று நின்று வந்தார். "திரும்பிடலாமா டீச்சர்?" என்றார். "திரும்பினா நிறுத்தத்துல அந்த நாய் இருக்கு சார்" என்றேன். குப்பம் முழுக்க வந்திருந்தது. கையைக் கழுத்தோடு தூளிபோல் கட்டியபடி அஞ்சலையின் மகன் முன்வரிசையில். கட்டுமரத்தின்மேல் அதே வெள்ளைச் சட்டை, அதே ஷூ.

நான் பார்க்காததுபோல் மணலைத் தட்டி அவருக்கு இடம் செய்தேன். அவர் உட்கார்ந்தார். விட்ட இடம் சாவு, அங்கிருந்து கதையை எடுக்கக்கூடாது என்பதால் அரசனைச் சிறையிலிருந்து மறுபடி அழைத்துவந்தார். அவன் மேடை ஏறினான். கத்தி இறங்கியது. தலை விழுந்தது. அங்கே வந்ததும் அவருக்குக் குரல் போய்விட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. "அப்புறம்?" என்று கேட்க வேண்டியவள் நான். நான் கேட்காமல் கட்டுமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் சத்தம் மட்டும்.

"அப்புறம் இன்னா ஆச்சி சார்?"

கேட்டது கட்டுமரத்தின்மேல் இருந்த ஆள்.

விசாரிக்கிற குரலா, கதை கேட்கிற குரலா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏகாம்பரம் சார் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். அரசியையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு வெட்டிக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்குள்கூடப் பேசப் பயந்தார்கள் என்றார். சொல்ல வேண்டாததை எல்லாம் சொல்கிறாரே! அவர் நிறுத்தவில்லை. தீவிலிருந்து வந்த ஒரு சிப்பாய், நெப்போலியன், படைத்தலைவனாகி, தேசத்தையே கைப்பற்றி, போப்பாண்டவர் பக்கத்தில் இருக்கும்போதே முடியைத் தன் கையால் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான் என்றார். "தானே எடுத்து வெச்சிக்கினானா! கில்லாடிதான்" என்று நாட்டார் தொடையைத் தட்டினார். கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அஞ்சலையின் மகன் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்த ஆள் நேரே வந்தார். கையில் சுண்டல். "சார் பேரு? எந்த ஸ்கூலு?" என்று கேட்டார். இவர் இரண்டையும் சொன்னார், தலைப்பெழுத்தோடு. அவர் தலையை ஆட்டிவிட்டு, மணலில் ஷூ புதையப் புதைய நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் மீன் பட்டது. அது பட்டிருக்கும், எப்படியும். பையன் தோள் கூடியதும் கடலுக்குப் போனான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆனால் அதற்குப் பிந்தைய மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. தபால்காரர் பள்ளிக்குள் சைக்கிளைத் திருப்பினால் ஏகாம்பரம் சார் பாடத்தை நிறுத்திவிடுவார். ஜீப் சத்தம் கேட்டால் சன்னலுக்குப் போவார். "அந்த ஆளு எதுக்குக் கேட்டான் டீச்சர்?" என்று திங்கட்கிழமை தவறாமல் என்னிடம் கேட்பார். சவுக்குத் தோப்பு குத்தகை பேச வந்தவர் என்று ஒருவர் சொன்னார், ரகசியப் போலீஸ்தான் என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். இன்றுவரை தெரியாது. ஒருநாள் பழுப்பு உறை வந்தது. அவர் பிரிக்கவில்லை, என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நிரந்தர உத்தரவு, கூடவே கருங்குழிக்கு மாற்றல். இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகுதான் திரும்பினார்.

மீதிக் கதையை, தேர்தல் வந்துபோன பிறகு, கருங்குழியிலிருந்து வந்து முடித்தார். நெப்போலியன் தோற்றுத் தீவில் செத்தது, ராஜாக்கள் திரும்பி வந்து திரும்பிப் போனது, இரண்டு பெரிய யுத்தங்கள், ஜெர்மன்காரன் பாரிஸையே பிடித்துக்கொண்டது, பிறகு விட்டுப் போனது. இன்றைக்கு அங்கே ராஜா இல்லை, ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று முடித்துவிட்டு முழித்தார். முடிசூட்டு இல்லாமல் எதற்குக் கற்பூரம் ஏற்றுவது? அஞ்சலைதான் விரலை நீட்டினாள். மை இன்னும் அழியவில்லை. "ராசா இல்லாட்டி இன்னா? எங்க வெரல்ல வெச்சாங்களே, அதான் பொட்டு. ஏத்து வாத்தியாரே!"

இனி கருங்குழிக்கு வருகிறேன். சேதி வந்த அன்று நானும் அஞ்சலையும் போய்ச் சேர்ந்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். குப்பத்திலிருந்து நாட்டாரும் ஒரு கூட்டமும் வந்துவிட்டது. எடுப்பதற்கு முன் யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். ஒருவரும் முன்வரவில்லை. "பேசு டீச்சரம்மா" என்று அஞ்சலை முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

எனக்குத் தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதைச் சொன்னேன். சவுக்குத் தோப்பில் நின்று நின்று வந்ததை, வெள்ளைச் சட்டைக்காரரை, அரசன் மேடை ஏறியதை. அவர் குரல் போன இடத்துக்கு வந்ததும் என் குரலும் போய்விட்டது. எதிரே அவர் முகம். என்னால் முடியவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெயா அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போவலன்னுதான டீச்சர் எங்கிட்ட சொன்னாரு? ட்யூஷனுக்குப் போறேன்னுதான போனாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை மாதமும், தபால்காரருக்கும் ஜீப்புக்கும் அவர் நடுங்கிய அத்தனை நாளும், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் சிரித்த முகத்தோடு அந்த வாசலில் நுழைந்திருக்கிறார்.

ஜெயா அவர் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்புறம் இன்னா ஆச்சி டீச்சர்?"

சொன்னேன். முடிசூட்டுவரைக்கும் சொன்னேன். அஞ்சலை கற்பூரம் ஏற்றினாள், அதன்பிறகுதான் அவரைத் தூக்கினார்கள்.

அவரிடமிருந்து நான் என்னோடு வைத்துக்கொண்டிருப்பது, தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் அவர் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். என் பயம் என்னோடு இருக்கட்டும். எனக்கும் வயதாகிறது, ராத்திரியில் மார் லேசாக வலித்தால் அவர் நினைவுதான் வருகிறது. காலையில் எழுந்து, அந்தக் கிழட்டு நாய் படுத்திருந்த நிறுத்தத்தைத் தாண்டி, வகுப்புக்குள் சிரித்துக்கொண்டே நுழைகிறேன்.